நிற்கும்போது மட்டும் பேசும் கார்

மன்னார்த் தீவில், எங்கள் தோட்டவெளியில், ரயில் கடவையடியில் ஒரு பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கி, ஹாண்டிலைப் பிடித்தபடி பேசாலைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்டவாளத்தில் ஒரு ஆடுகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் திரும்பினார். அங்கே நின்றது நான். கடவையைக் கண்டு பிறேக்கை மிதித்திருந்தேன்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 1990இல் சண்டையோடு நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. இருபத்தைந்து வருடம் அந்தச் சத்தத்துக்குக் காத்துக் கிடந்த ஊர் இது. இரும்போடு இரும்பு உரசி அழுகிற சத்தம் கேட்டால் முதலில் ரயில்தான் ஞாபகம் வரும். “ரெயில் வெள்ளன வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன் தம்பி” என்றார். பிறகு என் முன் சில்லை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, நோயாளி வீட்டுக்கு வந்தவர்போல ஒன்றும் பேசாமல் சைக்கிளில் ஏறிப் போனார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பிறேக் பழசில்லை. முன் சில்லு இரண்டுக்குமான நாலு பாட்டும் புத்தம் புதுசு. மாட்டி ஒரு கிழமைதான். மாட்டியது யார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. சத்தத்தை வைத்தே கையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

என் கைராசியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டு மின்விசிறியைக் கழற்றிப் பூட்டினேன். ஒரு ஸ்குறூ மிச்சம் வந்தது. தண்ணீர் மோட்டரைக் கழற்றிப் பூட்டினேன். ஒரு நட்டும் ஒரு றப்பர் வளையமும் மிச்சம். தையல் மெஷினில் மிச்சம் வந்ததை எண்ணவில்லை. எல்லாவற்றையும் ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த டின்னைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். இவ்வளவு சாமானும் இல்லாமலே ஓடக்கூடிய மெஷினுக்கு, செய்தவன் வீணாய்ச் செலவழித்திருக்கிறானே என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டதும் உண்டு. மின்விசிறி அதன் பிறகு ‘டக், டக்’ என்று பேசத் தொடங்கியதையும், மோட்டர் சொட்டுச் சொட்டாய் அழத் தொடங்கியதையும் நான் டின்னோடு சேர்த்து யோசித்ததில்லை.

கார் என் கையில் சிக்கியதற்கு நாட்டு நிலைமையும் ஒரு காரணம். ஜப்பானில் பிறந்து, அங்கே ஒரு ஆயுளை ஓடி முடித்து, இங்கே வந்து மறுபிறவி எடுத்த கார் அது. மூன்றாம் பிறவிக்கு ஆயத்தமாக இருந்த நேரத்தில், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இலங்கையில் கார் என்பது ஓட ஓட விலை ஏறுகிற அதிசயப் பொருளாக இருந்தது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயில் கிளம்பி மூன்று மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது, ஸ்பெயார் பாட்ஸ் விலையும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி, கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய நாட்களில் கார் முற்றத்தில் நின்றபடி சோளகக் காற்றைக் குடித்தது.

எங்கள் சோளகம் சும்மா காற்றில்லை. தீவின் தெற்குக் கரையில் முப்பது காற்றாலையை நட்டு, அதிலிருந்து 103.5 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் அளவுக்குப் பலமுள்ள காற்று. வரும்போது கடல் உப்பையும் கூட்டிக்கொண்டுதான் வரும். மன்னாரில் கருவாட்டை உப்புக் காக்கும், இரும்பை உப்புத் தின்னும். காரின் பிறேக் டிஸ்க் வர்ணம் பூசாத வெறும் வார்ப்பிரும்பு. ஒரு இரவு காற்றில் நின்றாலே காலையில் செம்மஞ்சள் பூசிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நிற்கும்.

அப்படியிருக்க, போன ஆடியில் பிறேக் பிடிக்கும்போது ஒரு மெல்லிய ‘கீச்’ கேட்டது. பாட் முடியப்போகிறது என்றார் கந்தோரில் ஒருவர். கராஜில் கூலி கேட்டேன். நியாயமான கூலிதான் சொன்னார்கள். ஆனால் நியாயமான கூலியைக் கேட்டு ஆத்திரப்படுவது குடும்பஸ்தனின் பிறப்புரிமை. அன்றிரவு கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் பாட் மாற்றும் வீடியோ பார்த்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அதில் மூன்று நிமிடம் அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். ஆக, ஒன்பது நிமிட வேலை. ஞாயிறு பூசைக்குப் போய் வந்து தொடங்கினால், மனைவி தேத்தண்ணி ஊற்றி முடிக்கும் முன் நான் கை கழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை மன்னார் ரவுனில் ஒரு கடையில் பாட் கேட்டேன். மூன்று விலையில் மூன்று பெட்டியைப் பையன் மேசையில் வைத்தான். நடுப் பெட்டியை எடுப்பவன்தான் புத்திசாலி என்பது என் கொள்கை. நடுப் பெட்டியை எடுத்தேன். காசு கொடுக்கும்போது பையன் கேட்டான்: “அண்ணை, இதோட ஷிம் வராது. உங்களிட்ட ஷிம் இருக்குத்தானே?”

ஷிம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

“வீட்டில நிறையக் கிடக்கு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. வெள்ளைக்காரரின் கராஜ் நிலத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம். தோட்டவெளி முற்றம் மணல். ஜக்கை வைத்துச் சுற்றினேன். கார் மேலே போவதற்குப் பதில் ஜக் கீழே போனது. இருபது சுற்றுச் சுற்றியபோது கார் அப்படியே நிற்க, ஜக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தது. பிறகு பனம் பலகை ஒன்றை அடியில் வைத்து, பின் சில்லுக்கு ஒரு பனங்குற்றியை அணை கொடுத்து ஏற்றினேன். பனையின் பயன்களைப் பாடியவர்கள் இதைப் பாட மறந்துவிட்டார்கள்.

சில்லைக் கழற்றிவிட்டால் உள்ளே விஷயம் எளிதாகத்தான் தெரிந்தது. சில்லோடு சேர்ந்து சுற்றும் ஒரு இரும்புத் தட்டு, அதுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் நண்டுக் காலால் கவ்வுவதுபோல் கவ்வுகிற கலிப்பர். கவ்வும் இடத்தில் இரண்டு பாட். காலால் மிதித்தால் பிறேக் ஒயில் ஓடிவந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பாட்டைத் தள்ளும், பாட் டிஸ்கை அமத்தும். பழைய பாட் தேய்ந்து பிஸ்கட் அளவுக்கு வந்திருந்தது. புதுப் பாட் தடிப்பு என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளி இடம் எடுக்க வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டு ஓடாவி அண்ணையிடம் வள்ளத்துப் பலகை இறுக்கும் கிளாம்பு ஒன்று இரவல் வாங்கினேன்.

பிஸ்டன் உள்ளே போனது. அதே நேரம் பொனற்றுக்குக் கீழே பிறேக் ஒயில் மூடி வழியாகப் பொங்கி வழிந்தது. போன மாதம் ஒயில் குறைந்திருப்பதைக் கண்டு, வீட்டுத் தலைவனின் பொறுப்போடு கழுத்துவரை நிரப்பி வைத்திருந்தவன் நான்தான். பாட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும்; ஒயில் அதன் பின்னால் இறங்கும்; அதனால் மேலே மட்டம் குறையும். அது களவு போனதில்லை, வேலைக்குப் போனது. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய ஒயில், தன் இடத்தில் வேறு ஆள் இருப்பதைக் கண்டு வெளியே குதித்துவிட்டது. பிறேக் ஒயில் வர்ணத்தை உரிக்கும் என்பதை மட்காட் எனக்கு அடுத்த நாள் காட்டித் தந்தது.

பழைய பாட்டின் முதுகில் கறுத்த கிறீஸ் அப்பிய மெல்லிய தகடு ஒட்டியிருந்தது. நாலு பாட்டுக்கும் நாலு தகடு. மூன்று தானாகக் கழன்று விழுந்தது. ஒன்று விடமாட்டேன் என்று பாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. புதுப் பாட்டுப் பெட்டியில் வந்த படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே, இது பாட் பொதிந்து வந்த உறையின் மிச்சமாக்கும் என்று தீர்மானித்து, எல்லாவற்றையும் வாழை மரத்தடிக் குப்பையில் போட்டேன். டின்னில்கூடப் போடவில்லை. அந்த மரியாதைக்கும் அது தகுதியில்லை என்று பட்டது.

வேலை முடியப் பின்னேரம் ஐந்தரை. மனைவி ஊற்றிய தேத்தண்ணி மூன்று தரம் ஆறி, நாலாம் தரம் வரவேயில்லை. பிள்ளைகளைத் திண்ணையில் நிறுத்தி, காரை ஸ்ராட் பண்ணிப் பின்னால் எடுத்தேன். பிறேக்கை மிதித்தேன். மிதி காற்றில் மிதித்ததுபோல அடிமட்டும் போனது. பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு, எடுக்கும் முன் நாலைந்து தரம் மிதித்துப் பாட்டை டிஸ்கோடு ஒட்டச் செய்ய வேண்டும். வெள்ளைக்காரர் அதைக் கடைசி நிமிடத்தில் சொல்லியிருக்கிறார். கடைசி நிமிடத்தை நான் பார்க்கவில்லை. கார் கிடுகு வேலியைத் தள்ளிக்கொண்டு போய், அடுத்த வளவு மணலில் புதைந்து தானாக நின்றது. அன்று சரியாக வேலை செய்த பிறேக் அந்த மணல் ஒன்றுதான்.

திங்கட்கிழமை சத்தம் தொடங்கியது.

முந்திய ‘கீச்’ ஒரு குஞ்சு. இது தாய்க்கோழி. மெதுவாகப் போய் மெதுவாக நிற்கும்போதுதான் கூடுதலாகக் கேட்கும். ஊருக்குள் எல்லா இடத்திலும் மெதுவாகத்தான் போக வேண்டும். எருக்கலம்பிட்டிச் சந்தியில் நான் நின்றால் கடைக்குள் இருப்பவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கழுதைகள் மட்டும் அசையவில்லை. மன்னார்க் கழுதைகளை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அராபிய வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லும் பரம்பரை. வீதியின் நடுவில் நின்று யோசிப்பது அவற்றின் குல வழக்கம். ஹோணுக்கு அசையாத ஒரு கழுதை, என் பிறேக் சத்தத்துக்குத் தலையைத் தூக்கி, காதை நிமிர்த்தி, முழு மூச்சில் பதில் சொன்னது. பின் சீற்றில் இருந்த சின்ன மகள் கேட்டாள்: “அப்பா, அது எங்கட காருக்குச் சொந்தமா?”

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். எங்கள் கோயில் வேதசாட்சிகளின் இராக்கினி பேரில் இருக்கிறது. 1544இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் படையால் மன்னாரில் கொல்லப்பட்ட, புதிதாய்த் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்களின் நினைவு சுமந்த மண் இது. அவ்வளவு பேர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த இடத்தில், பூசைக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்த நான், வாசலில் பிறேக்கை மிதித்தேன். உள்ளே பிரசங்கம் நின்றது. தொடங்க ஒரு நிமிடம் எடுத்தது. மனைவி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு சொன்னார்: “அடுத்த கிழமை அரைக் கட்டைக்கு அங்கால நிப்பாட்டிப்போட்டு நடந்து வருவம்.”

ஊர் கைவிடவில்லை. ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒருவர், சில்லுக்குள் கடல் தண்ணீர் அடிக்கச் சொன்னார். உப்பில்தானே இவ்வளவு வினையும் என்றதற்கு, முள்ளை முள்ளால் எடுக்க வேணும் என்றார். இன்னொருவர் டிஸ்கில் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார். சத்தம் உடனே நிற்கும் என்றார். அது உண்மைதான். சத்தம் நிற்கும், கார் நிற்காது. நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது மச்சான் குறுக்கே விழுந்து பறித்தார்.

மச்சான் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிப்பவர். அவருக்கு என் கார் ஒரு பாடம். “கிணத்துக் கப்பி ஏன் கத்துது? கயிறும் இரும்பும் பிடிச்சுப் பிடிச்சு விடுறதால. வயலின் வில்லும் அதுதான். உங்கட பாட் டிஸ்கைப் பிடிக்குது, விடுது, பிடிக்குது, விடுது. செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம். அந்த நடுக்கம்தான் சத்தம்” என்றார். என் சத்தத்துக்கு ஒரு பரம்பரை இருப்பதையும் அவர்தான் சொன்னார். 1902இல் இங்கிலாந்தில் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் என்பவர் டிஸ்க் பிறேக்குக்குக் காப்புரிமை எடுத்தார். பிடிக்கும் இடத்தில் செம்பு வைத்திருந்தார். இரும்பில் செம்பு பட்டு எழுந்த கூச்சல் தாங்க முடியாததாக இருந்ததாம். ஐந்து வருடம் கழித்து, 1907இல், ஹெர்பர்ட் புரூட் என்பவர் செம்புக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ் வைத்துச் சத்தத்தை அடக்கினார். அஸ்பெஸ்டஸ் தூசு நெஞ்சறையைக் கெடுக்கும் என்று உலகம் கண்டுபிடிக்க இன்னும் நாள் எடுத்தது. இப்போது பல நாடுகளில் தடை.

“ஆக, 1902இல லாஞ்செஸ்டருக்கு வந்த பிரச்சினைதான் எனக்கும்” என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

“இல்ல அத்தான். அவர் கண்டுபிடிச்சதால வந்தது. உங்களுக்குக் கழட்டினதால வந்தது.”

ஆவணி பதினைந்து மடுத் திருவிழா. மாமி காருக்குள் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டே மடுவுக்குப் போக வேண்டும் என்று நேர்ந்திருந்தார். இந்தச் சத்தத்தோடு போனால் மாதாவே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவா என்று மனைவி சொன்னார். வேறு வழியில்லாமல் கராஜுக்குப் போனேன். நியாயமான கூலி கேட்ட அதே கராஜ்.

பாஸ் வயதானவர். சாவி ஒன்றும் எடுக்கவில்லை. “முன்னுக்குப் போய் மெல்லமா நிப்பாட்டுங்க” என்றார். நிப்பாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தகடு எங்க?”

எந்தத் தகடு என்று கேட்க வாய் எடுத்தபோதே எனக்கு வாழை மரத்தடி ஞாபகம் வந்துவிட்டது. கடைப் பையன், ஷிம், வீட்டில் நிறையக் கிடக்கு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னால் நின்றது.

பாஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தண்ணீர் வைத்திருந்த பித்தளைக் குடத்தை எடுத்து, வெறுமையாக்கி, விரலால் சுண்டினார். ‘ணங்’ என்று நீண்டது. உள்ளங்கையைக் குடத்தின் முதுகில் வைத்துக்கொண்டு மறுபடி சுண்டினார். ‘டொக்’. அவ்வளவுதான்.

“பாட் நடுங்காமல் விடாது. அதின்ர முதுகில ஒரு கை வேணும். அந்தக் கைதான் தகடு. நீங்கள் கையை எடுத்துப்போட்டீங்க.”

மச்சானின் ஆயிரக்கணக்கான நடுக்கத்தைவிட இந்த ஒரு குடம் எனக்கு விளங்கியது.

சில்லைக் கழற்றியதும் என் மற்றப் பாவங்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாட் உட்காரும் இடத்தில் உப்புத் துரு கட்டியிருந்தது. அதைச் சுரண்டாமல் புதுப் பாட்டை அடித்து இறக்கியிருக்கிறேன். கலிப்பர் வழுக்கி நகரும் ஊசிகள் இரண்டும் வறண்டு கிடந்தன. அதற்கென்று உள்ள கிறீஸ் போடவில்லை. வலது பக்கத்தில் உள்ளுக்கு வர வேண்டிய பாட் வெளியேயும் வெளியே வர வேண்டியது உள்ளேயும். உள் பாட்டில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பாட் தேய்ந்து முடியும் தறுவாயில் அந்த நாக்கு டிஸ்கில் பட்டுக் ‘கீச்’ என்று எச்சரிக்கும். ஆடியில் நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். அது பழுதில்லை, காரைச் செய்தவன் எனக்கென்று வைத்துவிட்டுப் போன கடிதம். அந்த நாக்கை நான் இப்போது டிஸ்கின் விளிம்புத் துருவில் உரசும்படி மாட்டி, முடியாத பாட்டை முடிந்துவிட்டதாகக் கத்த வைத்திருக்கிறேன்.

“தகட்டைத் தேடிக்கொண்டு வாங்க. பழசெண்டாலும் அது இந்தக் காரின்ர தகடு. அளவு சரியா இருக்கும்” என்று அனுப்பினார்.

வாழை மரத்தடியைக் கிளறினேன். பாட்டை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்ற நாலாவது தகடு மட்டும் பாட்டோடு கிடந்தது. மற்ற மூன்றும் இல்லை. குப்பையைக் கிளறும் என்னைப் பார்த்துக் கோழிகள் ஒதுங்கி வழிவிட்டன. வீடு முழுக்கத் தேடினேன். மாமிக்கு மனம் பொறுக்கவில்லை. “காணாமல் போனதுக்கு அந்தோனியார் இருக்கிறார் தம்பி. நான் ஒரு மெழுகுதிரி கொளுத்துறன்” என்று அறைக்குள் போய்க் கொளுத்திவிட்டு, முழந்தாளிட்டு ஒரு செபமும் சொல்லிவிட்டு, குசினிக்குப் போய்விட்டார். நான் தையல் மெஷினுக்குக் கீழே குனிந்தேன். அதன் ஆடுகிற காலுக்கு அணையாக ஒரு தகடு. மனைவியின் கைவேலை. அந்தோனியார் வேலையைத் தொடங்கிவிட்டார்.

மற்ற இரண்டும்? குசினிப் பக்கம் ‘சரக், சரக்’ என்று ஒரு சத்தம். மாமி பலகைக் கட்டையில் இருந்தபடி விளைமீன் செதிள் உரித்துக்கொண்டிருந்தார். கையில் கறுத்தப் பளபளப்பாய் ஒன்று. பக்கத்தில், அது மழுங்கினால் எடுக்க, இன்னொன்று.

“மாமி, அது எங்கால?”

“வாழையடியில கிடந்தது தம்பி. ஆரோ நல்ல சாமானை எறிஞ்சிருக்கிறாங்க. செதிள் பூப்போல வருது பாருங்க. ரெண்டு கிழமையா இதாலதான்.” பிறகு தலையை நிமிர்த்தி அக்கறையோடு கேட்டார்: “நீங்கள் தேடினது கிடைச்சுதா?”

பாஸ் அந்த இரண்டு தகட்டையும் மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை, தூரத்தில் வைத்து ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவினார். துருவைச் சுரண்டினார். டிஸ்கின் மினுக்கத்தைச் சான்ட் பேப்பரால் எடுத்தார். பாட்டின் கூர் ஓரத்தை அரத்தால் சாய்வாக இழுத்தார். பாட்டின் முதுகில் மட்டும், முகத்தில் படாமல், கிறீஸை நகத்தால் தடவுவதுபோல் தடவினார். தகட்டை வைத்தார். மூடினார். மிச்சம் ஒன்றும் இல்லை. நான் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஆள் ஒரு மெஷினைக் கழற்றிப் பூட்டி மிச்சம் வராமல் செய்வதை நான் பார்த்தது அன்றுதான்.

“இன்னும் முடியேல்ல. பாட்டைப் பழக்க வேணும்” என்றார். “புதுத் தோசைக்கல்லில முதல் தோசை வருமா? எண்ணெய் போட்டு, சூடாக்கி, ஆறவிட்டுத்தானே பழக்குறது. இதுவும் அப்பிடித்தான். பாட்டில இருக்கிறது டிஸ்கில மெல்லிசா, எல்லா இடமும் ஒரே மாதிரி ஏற வேணும். அறுபதில போய்ப் பத்துக்குக் குறையுங்க. முழுசா நிப்பாட்டாதீங்க. இருபது முப்பது தரம். நடுவில ஆறவிடுங்க.”

தலைமன்னார் வீதி அதற்கென்றே போட்டதுபோல நேரானது. மாலை வெயிலில், இடப்பக்கம் தூரத்தில் காற்றாலைகள் சுற்ற, அறுபதில் போனேன், பத்துக்கு வந்தேன், அறுபதில் போனேன், பத்துக்கு வந்தேன். பின்னால் வந்த பஸ் என்னை முந்தவும் முடியாமல் நம்பவும் முடியாமல் தவித்தது. பன்னிரண்டாம் தரம் ஒரு பொலிஸ்காரர் கை காட்டினார். பிறேக்கைப் பழக்குகிறேன் என்றேன். பிறேக்கையா என்று கேட்டுவிட்டு, பலூனை எடுத்து ஊதச் சொன்னார். ஊதினேன். நிறம் மாறவில்லை. அவர் பலூனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூக்கைச் சுருக்கி, முன் சில்லுப் பக்கம் குனிந்தார்.

“மீன் பொரிக்கிற மணம் வருது” என்றார்.

சூடேறிய தகடு இரண்டு கிழமை விளைமீனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயால் கழுவ முடிந்தது பாதிதான். அன்றிரவு ஊர்ப் பூனைகள் என் முன் சில்லிரண்டையும் சுற்றி அமர்ந்து, ஏதோ திறக்கப் போகிற கடைவாசலில் இருப்பதுபோல் விடியும்வரை காத்திருந்தன.

ஆனால் சத்தம் போய்விட்டது. மடுவுக்குப் போனோம். பாலம் தாண்டி, முருங்கன் தாண்டி, மடுச் சந்தியில் திரும்பிக் காட்டுப் பாதையில் போய்க் கோயிலடியில் நின்றபோது, மாமி கண்ணை மூடிக்கொண்டு அடுத்த ‘அருள் நிறை மரியே’யைத் தொடங்கினார். கார் நின்றதே அவருக்குத் தெரியாது. ஒரு பிறேக்குக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

வீட்டுக்கு வந்த பிறகு மாமி முற்றத்துக்கு வந்து காரை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார்.

“தம்பி, பின் சில்லுக்குள்ளயும் அப்பிடித் தகடு ரெண்டு இருக்கும்தானே?”

“இல்ல மாமி. பின்னால டிரம் பிறேக். அதுக்கு இந்தத் தகடு இல்ல.”

“இவ்வளவு பெரிய காருக்கு நாலே நாலு தகடா?” என்று, ஏமாந்துபோய் வாங்கியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் குசினியில் மறுபடி ‘சரக், சரக்’. ஓடிப்போய் முதலில் முன் சில்லைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகு குசினிக்குப் போனேன். மாமியின் கையில் வேறொரு தகடு. கொஞ்சம் வளைந்து, ஓரத்தில் பல்லு வைத்து, இதற்கென்றே செய்ததுபோல் இருந்தது.

“மாமி, அது எங்கால?”

“உங்கட பால்மா டின்னுக்குள்ள கிடந்தது தம்பி. தேவையில்லாதது எண்டுதானே போட்டு வச்சிருக்கிறீங்க.”

அது எந்த மெஷினுடையது என்று எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. வீட்டில் எது சத்தம் போடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.